முள்ளெலி நீதிபதி தேன் கம்பெனிக்குப் போன கதை

ஒரு காட்டில் ஒரு முள்ளெலி இருந்தது. நம் பக்கத்துக் காடு அல்ல. ஜெர்மனி தேசத்தில், ஓக் மரமும் பைன் மரமும் அடர்ந்து, வெயிலை எப்போதாவது வரும் விருந்தாளியாக மட்டுமே பார்த்திருந்த காடு. முள்ளெலியின் பெயர் வால்ட்ராவுட். பெயரில்தான் வால் இருந்தது. உடம்பில் இருந்தது சுண்டுவிரல் நகத்தளவு. கதைகளில் மிருகங்களை 'அது' என்பதுதான் வழக்கம். ஆனால் இந்த முள்ளெலி ஒரு நீதிபதி. நீதிபதியை 'அது' என்று சொல்லிவிட்டு, பிறகு கோர்ட்டு வாசலில் மன்னிப்புக் கேட்டு நிற்பானேன்? எனவே அவர் மட்டும் 'அவர்'. மற்றதெல்லாம் 'அது'.

வால்ட்ராவுட் அம்மாள் முதலில் ஒரு புதருக்கு அடியில் இருந்த சின்னக் கோர்ட்டில் நீதிபதியாக இருந்தார். அணில் புதைத்து வைத்துவிட்டு மறந்துபோன கொட்டையைக் காட்டுப்பன்றி தோண்டித் தின்றால் அது திருட்டாகுமா, மரங்கொத்தி விடியற்காலையில் தட்டுவது தொழிலா தொந்தரவா என்கிற மாதிரி வழக்குகள். இரண்டு தரப்பும் சொல்லி முடிக்கிறவரை பொறுமையாகக் கேட்பார். யாராவது சிபாரிசோடு வந்தால் மட்டும் பந்தாகச் சுருண்டுகொள்வார். சுருண்ட முள்ளெலியிடம் எதையும் நீட்ட முடியாது. முகம் எந்தப் பக்கம் என்றே தெரியாது. ஒருமுறை ஓநாய் ஒன்று தன் மச்சானின் வழக்குக்காக ஒரு கூடை காளானோடு வந்தது. பந்தைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, கடைசியில் முதுகைப் பார்த்தே சிபாரிசைச் சொல்லிவிட்டுப் போனது. மச்சானுக்கு வழக்கு தோற்றது. காளானும் அங்கேயே கிடந்து காய்ந்தது.

இப்படி ஒரு நல்ல பெயர் காட்டில் சும்மா இருந்தால் அரசியல் விட்டுவைக்குமா? காட்டுச் சபைக்குத் தலைவராக ஹார்ட்மூட் என்கிற கலைமான் இருந்தது. கொம்பு பெரிதாக இருந்த அளவுக்குப் பெயர் நன்றாக இல்லை. தேர்தல் வேறு வந்துகொண்டிருந்தது. அது ஒரு நாள் புதருக்கு வந்து, கொம்பு சிக்காமல் தலையைச் சாய்த்து உள்ளே நீட்டி, அம்மாளைச் சட்ட அமைச்சராக வரும்படி அழைத்தது.

"கோர்ட்டுல உட்கார்ந்தா ஒரு நேரத்துல ஒருத்தருக்குத்தான் நியாயம் கொடுக்க முடியும்மா. சபைக்கு வந்தா காடு முழுக்கக் கொடுக்கலாம்" என்றது.

அம்மாள் அதை யோசித்துப் பார்த்தார். சரியாகத்தான் பட்டது. அமைச்சரானார்.

அமைச்சர் வேலை என்றால் பெரும்பாலும் நிற்பது என்பது போகப் போகத் தெரிந்தது. ஓடைக்குப் பாலம் போட்டால் பக்கத்தில் நிற்க வேண்டும். எறும்புகளுக்குப் புதிய பாதை திறந்தால் அங்கேயும் நிற்க வேண்டும். உயரம் பற்றாது என்று ஒரு மரக்கட்டையைப் போட்டு அதன்மேல் ஏற்றி நிறுத்துவார்கள். நியாயம் கொடுக்கும் வேலை எப்போது வரும் என்று அவர் கேட்கும்போதெல்லாம் கலைமான் அடுத்த திறப்பு விழாவின் தேதியைச் சொல்லும்.

அப்போது காட்டில் ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. மான்களும் முயல்களும் காட்டுப்பன்றிகளும் குளிர்காலம் முழுக்கப் பனியில் நடுங்கிக்கொண்டு இரை தேடுகின்றன. கரடி, முள்ளெலி, தூங்கெலி போன்றவை மட்டும் வளைக்குள் போர்த்திக்கொண்டு வசந்தம் வரை குறட்டை விடுகின்றன. இது என்ன நியாயம் என்று மான்கள் கேட்டன. மான்கள்தான் ஹார்ட்மூட்டுக்கு ஓட்டுப் போடுகிறவை. உடனே 'குளிர்காலக் காவல் சட்டம்' என்று ஒன்று தயாரானது. இனிமேல் யாரும் குளிர்காலத்தில் தூங்கக் கூடாது. எல்லாரும் முறை வைத்துக் காட்டைக் காவல் காக்க வேண்டும்.

அந்தச் சட்டத்தைக் கையெழுத்துக்குக் கொண்டுவந்தபோது முதல் பனி விழுந்து ஒரு வாரமாகியிருந்தது. அம்மாளுக்கு இமை சொக்கிக்கொண்டு வந்தது. பேசுகிறவர்கள் எங்கோ தொலைவில் பேசுவதுபோல் கேட்டது. கலைமான் காட்டிய இடத்தில் பாதத்தைப் பதித்தார். அதோடு போய்ச் சுருண்டு படுத்தவரைக் காவலர்கள் தட்டி எழுப்பினார்கள். காவல் காக்க அவருக்கும் முறை வந்திருந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க வால்ட்ராவுட் அம்மாள் ஓடைக்கரையில் நின்றபடி தூங்கி விழுந்து, விழுந்த இடத்திலேயே எழுந்து நின்று, வசந்தம் வந்தபோது பாதி உடம்பாகியிருந்தார்.

அரசியலில் ஒருவர் உபயோகப்படவில்லை என்றால் கீழே தள்ளுவார்கள். அவருக்கு நல்ல பெயர் இருந்துவிட்டால் மேலே தள்ளுவார்கள். அம்மாளை மேலே தள்ளினார்கள். காட்டின் அரசியல் சாசன நீதிமன்றத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. அங்கே நீதிபதிகள் சிவந்த மேப்பிள் இலையில் தைத்த அங்கி போட்டுக்கொண்டு வரிசையாக உட்காருவார்கள். சபை போடும் சட்டம் செல்லுமா செல்லாதா என்று சொல்வது அவர்கள் வேலை. அம்மாள் போட்ட அங்கியெல்லாம் முதுகுப் பக்கம் சல்லடையானது என்பதைத் தவிர அங்கே அவருக்கு ஒரு குறையும் இல்லை. அமைச்சராக இருந்தபோது இல்லாத நிம்மதி இங்கே இருந்தது. ஒருவர் பேசினால் மற்றவர்கள் முடியும்வரை கேட்டார்கள்.

முதலில் வந்த பெரிய வழக்கே குளிர்காலக் காவல் சட்டத்தின் மேல்தான். மனு போட்டது ஒரு தூங்கெலி. வருஷத்தில் பாதியைத் தூங்கியே கழிக்கும் ஜாதி அது. தூங்க விடவில்லை என்று மனுவைக் கொடுத்துவிட்டு, பக்கத்திலிருந்த மரப்பொந்துக்குப் போய்த் தூங்கிவிட்டது.

தாமே கையெழுத்துப் போட்ட சட்டத்தைத் தாமே விசாரிப்பது முறையா என்ற கேள்வி எழுந்தது. விலகிக்கொள்வதாக அம்மாளே சொன்னார். கலைமான்தான் விடவில்லை. அம்மாள் நேர்மையில் சபைக்குப் பூரண நம்பிக்கை உண்டு, அவரே இருக்கட்டும் என்று வற்புறுத்தியது. தன் கட்சி அமைச்சர் தன் கட்சிச் சட்டத்தைக் காப்பாற்றிவிடுவார் என்று அது கணக்குப் போட்டிருந்தது.

வழக்கு நடக்க நடக்கக் குளிர்காலங்கள் மூன்று போயின. கடைசியில் தீர்ப்பு வந்தது. தூக்கம் என்பது சபை பார்த்துக் கொடுக்கும் சலுகை அல்ல, உடம்போடு பிறந்த உரிமை. ஆகவே சட்டம் செல்லாது. தீர்ப்பை எழுதியவர் வால்ட்ராவுட் அம்மாள்.

கலைமான் வாசலில் வழிமறித்து, "இது நீங்க கையெழுத்துப் போட்ட சட்டம்மா" என்றது.

"ஆமா. அப்ப கையெழுத்துதான் போட்டேன். இப்பதான் படிச்சேன்" என்றார் அம்மாள்.

தீர்ப்பு வந்த அன்றும் மனுதாரர் தூங்கிக்கொண்டுதான் இருந்தது. எழுப்பி விஷயத்தைச் சொல்லலாமா என்று கேட்டார்கள். எழுப்பினால் தீர்ப்பை மீறியதாகும் என்று அம்மாள் மறுத்துவிட்டார்.

பதவிக்காலம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அவருக்கு ஒரே ஒரு உறுத்தல் இருந்தது. கோர்ட்டு எப்போதும் தாமதமாகத்தான் போய்ச் சேருகிறது. கொட்டையைத் தின்று ஏப்பம் விட்ட பிறகுதான் திருட்டா இல்லையா என்று விசாரிக்கிறார்கள். தவறு நடப்பதற்கு முன்னாலேயே, நடக்கப்போகிற இடத்திலேயே உட்கார்ந்து தடுக்க வழியில்லையா என்று வண்டுகளைக் கொறித்தபடி யோசித்துக்கொண்டிருப்பார்.

அந்தச் சமயத்தில்தான் தேன் கம்பெனி சந்தி சிரித்தது. ஓட்டோகார் என்கிற கரடி நடத்திய கம்பெனி. பாதிக் காடு அங்கேதான் வேலை பார்த்தது. மீதிப் பாதி அதன் தேனைத்தான் சாப்பிட்டது. சபையின் பரிசோதகராக இருந்த மரங்கொத்தி ஜாடிகளில் அலகை விட்டுச் சுவைத்து, சுத்தமான தேன் என்று சான்று கொடுக்கும். கரடி ஜாடிக்குள் மரங்கொத்தியின் அலகு எட்டும் ஆழத்தில் ஒரு மெழுகுத் தடுப்பு வைத்தது. தடுப்புக்கு மேலே தேன், கீழே பிர்ச் மரச் சாறும் மாவும். ஒரு நாள் ஒரு ஜாடி கீழே விழுந்து உடைந்ததில் விஷயம் வெளியே வந்தது. கரடி சபையில் தலைகுனிந்து நின்றது, அபராதம் கட்டியது, இனி இப்படி நடக்காது என்றது. யாரும் நம்பவில்லை. அப்போதுதான் அதற்கு முள்ளெலியின் ஞாபகம் வந்தது.

கரடி வீடு தேடி வந்தது. வளை வாசலில் வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்து, குரலைத் தணித்துப் பேசியது. அம்மாள் கொடுத்த தீர்ப்பால்தான் தன் குடும்பமே குளிர்காலத்தில் நிம்மதியாகத் தூங்குகிறது என்றது. கம்பெனிக்கு ஒரு மனசாட்சி தேவைப்படுகிறது, அதற்கென்று தனியாக ஓர் இயக்குநர் பதவி போட்டிருக்கிறோம், பெயர் 'விதிப்படி நடத்தல் இயக்குநர்' என்றது.

"எனக்கு என்ன அதிகாரம்?" என்று அம்மாள் கேட்டார்.

"நீங்க வேண்டாம்னா எதுவும் வேண்டாம். அவ்வளவுதான்" என்றது கரடி.

அம்மாள் ஒப்புக்கொண்டார். இத்தனை வருஷமாக எந்தப் பதவியிலும் அவருக்கு யாரும் இப்படிச் சொன்னதில்லை.

கம்பெனி ஒரு பெரிய ஓக் மரத்தில் இருந்தது. இயக்குநர் என்பதால் அவருக்கு உச்சியில் அறை கொடுத்தார்கள். முள்ளெலிக்கு மரம் ஏறத் தெரியாது. ஒரு கூடையில் உட்காரவைத்துக் கயிறு கட்டி மேலே இழுத்தார்கள். அங்கிருந்து பார்த்தால் காடு முழுக்கத் தெரிந்தது. மரத்தடியில் என்ன நடக்கிறது என்பது மட்டும் தெரியவில்லை, கிளை மறைத்தது.

அம்மாள் வேலையை ஆரம்பித்தார். விதிகள் எழுதினார். எழுதியதையெல்லாம் ஒப்புக்கொண்டார்கள். கம்பெனியின் சட்டத் தலைவராக கெர்னோட் என்கிற நரி இருந்தது. ஒவ்வொரு விதியையும் வாசிக்கக் கேட்டுவிட்டு முதலில் கைதட்டுவது அதுதான். தொழிலாளிகள் எல்லாருக்கும் வகுப்பு நடந்தது. பொய் சொல்லக் கூடாது என்று சொன்னார்கள். புரிந்தது என்று எல்லாரும் பாதம் பதித்துக் கொடுத்தார்கள். யார் வேண்டுமானாலும் கூடையை ஏற்றி இறக்கினால் கள்ளத்தனத்துக்கு வழியாகும் என்று அம்மாள் ஒரு விதி போட்டார். கரடி, நரி இரண்டும் ஒப்புதல் கொடுக்காமல் கூடை அசையக் கூடாது. தாம் கீழே இறங்குவதற்கும் அது பொருந்தும் என்பது, இறங்க வேண்டிவந்த அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது.

இதற்கிடையில் தேன் ஜாடிகளின் மூடியில் புதிதாக ஒரு படம் வந்தது. முள்ளெலியின் முகம், தலையில் ஓர் இலைக் கிரீடம். கரடி ஒரு ஜாடியைக் கொண்டுவந்து காட்டியபோது மூக்கு சற்றுப் பெரிதாக இருக்கிறதோ என்று மட்டும் அம்மாள் கேட்டார். மனதுக்குள் அவருக்குப் பிடித்திருந்தது.

ஒரு நாள் மரத்தடியிலிருந்து யாரோ தம் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது அவருக்குக் கேட்டது. என்ன சொல்கிறார்கள் என்று புரியவில்லை. அழுகை மட்டும் புரிந்தது. கூடை கேட்டார். கரடி வெளியூர் போயிருந்தது. நரி கூட்டத்தில் இருந்தது. இரண்டும் சேர்ந்து ஒப்புதல் கொடுக்க நாளாகும் என்று கயிறு இழுக்கும் பன்றி பணிவாகச் சொன்னது. விதியையும் எடுத்துச் சொன்னது. கீழே அழுகை நின்றபாடில்லை. அம்மாள் கிளை நுனிவரை நடந்தார். கண்ணை மூடிக்கொண்டு பந்தாகச் சுருண்டு உருண்டார்.

விழுந்தது சருகுக் குவியலில். முள்ளெல்லாம் வளைந்து அதிர்ச்சியை வாங்கிக்கொண்டது. பிரித்துக்கொண்டு எழுந்தபோது எதிரே லீஸ்பெத் என்கிற முயல் நின்றுகொண்டிருந்தது. அதன் குட்டிகள் வயிறு உப்பிப் போய்ப் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தன. கம்பெனித் தேனைத்தான் கொடுத்ததாம்.

"எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. மூடியில உங்க முகம் இருந்துச்சு. அதைப் பார்த்துத்தான் வாங்கினேன்" என்றது முயல்.

குட்டிகளுக்கு வயிறு கழியும் இலையைப் பறித்துக் கொடுக்கச் சொல்லிவிட்டு, மிச்சமிருந்த ஜாடியை உருட்டிக்கொண்டு அம்மாள் நேராக மரங்கொத்தியிடம் போனார். இந்த ஜாடியைச் சோதித்தீர்களா என்று கேட்டார். மரங்கொத்தி தலைகுனிந்தது. நீளமான அலகு புதிதாக வாங்கிப் பொருத்திக்கொண்டிருந்தது அது. முன்போல் ஏமாறாமல் அடிவரை குத்திப் பார்க்கத்தான் வாங்கியது.

"உங்க கோர்ட்டுல நான் ஒரு தடவை நின்னிருக்கேன். என் பக்கம் நியாயம் இருக்குன்னு நீங்க ஒருத்தர்தான் சொன்னீங்க. ஜாடியை எடுத்தா மூடியில நீங்க இருக்கீங்க. உங்க முகத்துல கொத்த எனக்கு மனசு வரலை" என்றது.

"இப்ப கொத்து" என்றார் அம்மாள்.

மரங்கொத்தி கண்ணை மூடிக்கொண்டு கொத்தியது. மேலே தேன். கீழே மெழுகு. மெழுகுக்குக் கீழே பழைய சாறும் மாவும், இப்போது புளித்துப்போய்.

வால்ட்ராவுட் அம்மாள் அங்கேயே சுருண்டுகொண்டார். வெகுநேரம் பிரியவில்லை. வாழ்நாளெல்லாம் அவர் சுருண்டது மற்றவர்கள் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காக. அன்று உள்ளே இருந்தது தம் முகம்தான்.

பிறகு எழுந்து சபைக்குப் போனார். கலைமான் அன்போடு வரவேற்றது. கம்பெனியை மூடினால் பாதிக் காட்டுக்கு வேலை போய்விடும், தேர்தல் முடியட்டும் பார்க்கலாம் என்றது. நீதிமன்றத்துக்குப் போனார். அவர் இடத்துக்கு வந்திருந்த நாரை எழுந்து நின்று மரியாதை செய்தது. மனு தாராளமாகப் போடலாம், மூன்று குளிர்காலத்துக்குள் தீர்ப்பு வந்துவிடும் என்றது. பொய் சொல்கிறது என்று சொல்ல முடியாது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து அதே பதிலை அவரும் சொல்லியிருக்கிறார். காட்டில் நியாயம் கிடைக்கிற இடங்களில் எல்லாம் அவர் வேலை பார்த்தாகிவிட்டது. அதனால் எங்கேயும் கிடைக்காது என்பது மற்றவர்களைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்தது.

கடைசியாகக் கரடியிடம் போனார். மறைக்கும் என்றோ மிரட்டும் என்றோ எதிர்பார்த்துப் போனவர் சொன்னதையெல்லாம் அது தலையாட்டிக்கொண்டே கேட்டது.

"நீங்க சொல்றது முழுக்கச் சரி. அதனாலதான் நீங்க இங்க இருக்க முடியாது" என்றது.

சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பொறுப்புகளைப் புரிந்துகொள்வதில் ஏற்பட்ட வேறுபாட்டால், இரு தரப்பும் மனமொத்துப் பிரிவதாக நரி அழகாக ஓர் அறிவிப்பு எழுதியது. அம்மாள் வெளியே போய் எதுவும் பேசக் கூடாது. அதற்குப் பதிலாக ஆயுள் முழுக்க மாதா மாதம் ஒரு பெரிய ஜாடித் தேன் வீட்டுக்கு வரும்.

இந்த மாதிரிக் கதையில் இந்த இடம் வந்தால் என்ன நடக்க வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். நேர்மையான முள்ளெலி ஜாடியை உதைத்துத் தள்ளிவிட்டு, தலை நிமிர்ந்து வெளியே நடக்க வேண்டும். வால்ட்ராவுட் அம்மாள் மூக்கைச் சொறிந்துகொண்டார். மாதம் ஒரு ஜாடி போதாது, இரண்டு வேண்டும் என்றார். ஒப்பந்தத்தை மட்டும் நானே எழுதிக்கொள்கிறேன் என்றார். நரிக்கு உள்ளூர நிம்மதி. பேராசை பிடித்தவர்களோடு பேசுவது அதற்கு எப்போதுமே சுலபம்.

ஒப்பந்தம் நீளமாக இருந்தது. நரி ஒரு வரி விடாமல் படித்தது. ஆரம்பத்தில், விநியோகம் என்ற பகுதியில், அம்மாளுக்கென்று தேன் தனியாக எடுக்கக் கூடாது, காட்டுக்கெல்லாம் விற்கிற அதே பெரிய தொட்டியிலிருந்துதான் அவருக்கும் தர வேண்டும் என்று இருந்தது. கம்பெனிக்குச் செலவில்லை என்று நரி சந்தோஷப்பட்டது. பல பக்கம் தள்ளி, உடல்நலம் என்ற பகுதியில், வயதான முள்ளெலியின் வயிற்றுக்கு ஆகாது என்பதால் வருகிற ஜாடியை மரங்கொத்தி அடிவரை குத்திப் பார்த்துச் சுத்தமென்று சொல்ல வேண்டும், இதுவோ ஒப்பந்தத்தில் வேறெதுவோ மீறப்பட்டால் ஓக் மரம் அம்மாளுக்குச் சொந்தம் என்று இருந்தது. கிழவிக்கு வயிற்றுக் கோளாறு போலிருக்கிறது என்று நரி அதற்கும் தலையாட்டியது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டிலும் ஒரு தவறும் இல்லை. சேர்த்துப் பார்க்க அதற்குத் தோன்றவில்லை. கரடி பாதம் பதித்தது.

முதல் ஜாடி அனுப்புகிற அன்றுதான் நரிக்கு வியர்த்தது. அம்மாளுக்கு மட்டும் நல்ல தேன் கொடுத்துவிடலாமா என்றது கரடி. தனியாக எடுத்தால் ஒப்பந்த மீறல் என்றது நரி. தொட்டியிலிருக்கிற சரக்கையே கொடுத்தால்? மரங்கொத்தி குத்தும், மரம் போய்விடும். சட்டத்தை மீறினால் அபராதம் கட்டலாம், தீர்ப்பை மீறினால் மேல்முறையீடு செய்யலாம், மரம் போனால் எங்கே உட்காருவது? கரடி இரவு முழுக்க உறுமியது. காலையில் தொட்டியைக் கவிழ்த்துக் கழுவச் சொன்னது. அன்றிலிருந்து அந்தக் கம்பெனியில் தேனைத் தவிர வேறெதுவும் தயாராகவில்லை.

காட்டில் குட்டிகளுக்கு வயிறு உப்புவது நின்றது. லீஸ்பெத்தின் குட்டிகளும் தேறி, வேலி தாண்டிக் குதிக்க ஆரம்பித்தன. தேனின் தூய்மையைப் பாராட்டிச் சபை அந்த வருஷம் ஓட்டோகார் கரடிக்கு ஒரு பதக்கம் கொடுத்தது. ஹார்ட்மூட்டே அதைக் கழுத்தில் மாட்டிவிட்டது.

வால்ட்ராவுட் அம்மாளைக் கண்டால் மட்டும் காடு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மாதா மாதம் கம்பெனி வாசலில் மிருகங்கள் வரிசையில் நிற்கும்போது, அவருடைய இரண்டு ஜாடிகளும் அந்த வரிசையைக் கடந்து முதல் ஆளாக வெளியே போகும். அவர் பேசக் கூடாது என்று ஒப்பந்தம்; பேசவில்லை. ஒரு மாதம் ஜாடிகளைக் கொண்டுவந்து கொடுக்கும் பன்றி வராததால் அவரே போய் ஒரு ஜாடியை உருட்டிக்கொண்டு வந்தார். வரிசையில் லீஸ்பெத் நின்றது. பக்கத்திலிருந்த அணிலிடம், "ஒரு வருஷம்கூட வேலை பார்க்கலை. ஆயுசு முழுக்கத் தேன். நேர்மையானவங்கன்னு நானும் நம்பினேன்" என்றது. காதில் விழட்டும் என்றேதான் சொன்னது. சொல்லிவிட்டு, தன் முறை வந்ததும் வாங்கிய தேனைக் குட்டிகளுக்கு விரலில் தொட்டு ஊட்டியது.

அம்மாளுக்கு அந்த இடத்திலேயே சுருண்டுகொள்ளலாம் போல் இருந்தது. ஜாடியை விட்டுவிட்டால் யாராவது எடுத்துக்கொள்வார்கள் என்பதால் சுருளவில்லை. வீட்டுக்கு உருட்டிக்கொண்டு போனார். கதவைச் சாத்தினார். மூடியைத் திறந்து, வருத்தம் தீரும்வரை கொஞ்சமாகவும், தீர்ந்தபிறகு நிறையவும் சாப்பிட்டார். தேன் நன்றாகத்தான் இருந்தது.

நீதி: பதவியில் இருக்கும்போது நியாயம் கேட்டால் கைதட்டுவார்கள், பதவியை விட்டுப் போகச் சொல்லும்போது கேட்டால்தான் கொடுப்பார்கள். ஆகவே உலகத்துக்கு நல்லது செய்ய நினைக்கிறவர்கள் எங்காவது நல்ல சம்பளத்தில் சேர்ந்து, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் வெளியேற்றப்பட வேண்டும்.